மணிக்கட்டில் இரண்டு சொட்டு

வேலைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது, மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு சொட்டு வைத்துக்கொள்வது. இடது கையில் முதல் டிரம்மிலிருந்து எடுத்தது, வலது கையில் பக்கத்து டிரம்மிலிருந்து எடுத்தது. இரண்டும் சிலிகோன் திரவம். இரண்டும் தண்ணீர் போலத் தெளிவு. இரண்டுக்கும் வாசனை கிடையாது. விரலால் தேய்த்துப் பார்த்தாலும் ஒரே வழுவழுப்பு. வித்தியாசம் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஒன்று வந்த சுவடே இல்லாமல் ஆவியாகிப் போயிருக்கும். மற்றது மினுமினுவென்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வரை நகராது.

முகத்தில் பூசும் பவுண்டேஷனுக்குப் போவது முதலாவது. நிறத்தை முகம் முழுக்கச் சீராகப் பரப்பிவிட்டு அது கிளம்பிவிடும். நிறம் மட்டும் தங்கும். இரண்டாவது, தங்குவதற்கென்றே இருப்பது. கை கிரீம், லோஷன், தோலுக்கு மேல் மெல்லிய போர்வை ஒன்று வேண்டிய இடமெல்லாம் அதற்கு வேலை. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றிவிட்டால் உடனே எதுவும் தெரியாது. கலவை அழகாகவே வரும். அது கடைக்குப் போய், யாரோ ஒருத்தி வாங்கிப் பூசி, அவளுடைய சட்டைக் கழுத்தெல்லாம் நிறம் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அப்படி ஒரு முறை நடந்தும் இருக்கிறது. அந்தக் கிரீம் தொழிற்சாலையில், கலவைக்குச் சாமான்களை நிறுத்துக் கொடுக்கும் எடை அறையில், அவளுக்கு முன்னால் இருந்தவர் டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டை நம்பினார். சீட்டு மாறி ஒட்டப்பட்டு வந்திருந்தது. ஒரு தொட்டி நிறைய, காயவே காயாத பவுண்டேஷன். விஷயம் தெரிந்த அன்று மதியமே அவர் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே போனார். மறுநாள் பேக்கிங் பகுதியிலிருந்த இவளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்க வைத்தார்கள். அவர் விட்டுப்போன ஏப்ரன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாகியும் அவள் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும், அதைப் பாத்தாதான் எனக்குக் கை நடுங்காம இருக்கும்" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது தலைகீழாகப் படும்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்குக் கிராம் அக்கா என்று பெயர். தொழிற்சாலையில் வைத்த பெயரை அங்கே வேலை பார்க்கும் யாரோ இங்கே கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்தாலும் விளிம்பைத் தட்டிச் சமன் செய்துதான் கொடுப்பாள். வெளியே கிளம்பினால் அடுப்பை மூன்று தரம் பார்ப்பாள். இரண்டு மாடி இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஒன்பது வயது மகள் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"அம்மா, பாவம்மா அந்தப் பூட்டு. அதுக்கும் கை வலிக்கும்ல."

பயந்த சுபாவம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அவளுடைய பயத்துக்கு ஒரு இடம் இருந்தது. ஜன்னலோரம் கிடந்த நாற்காலி அது.

அவள் கணவர் ஸ்ப்ரே பெயின்டர். இரும்புக் கதவுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தார். அது மூடப்பட்டது. அடுத்த பதினொரு மாதமும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். கத்தியிருந்தாலோ, எதையாவது போட்டு உடைத்திருந்தாலோ அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். அவரோ தினமும் காலையில் சவரம் செய்து, தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களை ஜன்னல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்காவது மாதத்துக்குள் அவருடைய பேச்சு ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

"டீ போடட்டுமா?"

"ம்."

"வேண்டாமா?"

"ம்."

மகள் அதற்கு 'ம் நாற்காலி' என்று பெயர் வைத்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் நான்கு வட்டத் தழும்புகள் போட்டிருந்தன.

அப்புறம்தான் கார் பட்டறை வேலை வந்தது. விபத்தில் அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்திப் புதுசு போலப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் இடம். ஆறு மாதம் சோதனைக் காலம் என்றார்கள். ஒன்பது பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து கேட்டார்கள். பிழைக்க வந்த இந்த ஊரின் மொழியை அவர் பேசிச் சமாளிப்பார், படிக்க வராது. அவளுக்குப் படிக்க வரும். சந்தோஷத்தில் அவள் பக்கங்களைத் திருப்பித் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். "இங்க போடுங்க. அப்புறம் இங்க. இங்க ஒண்ணு." டிரம் சீட்டை இரண்டு தரம் படித்த பிறகும் நம்பாதவள், அந்த ஒன்பது பக்கத்தில் ஒரு வரி படிக்கவில்லை.

இரண்டாவது மாதம் அவர் கைகள் வெடிக்கத் தொடங்கின. பெயின்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து நனைத்துத் துடைக்கிற வேலை. கையுறை போட்டாலும் எப்படியோ உள்ளே போய்விடும். விரல் மடிப்புகளில் ரத்தம் கசிந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மகள் போட்டுவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. தொழிற்சாலையில் கலவைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் கெமிஸ்ட் அம்மாவிடம் போய் நின்றாள்.

"கொஞ்சம் கை கிரீம் செஞ்சுக்கட்டுமா மேடம்? தின்னரையே தடுக்கிற மாதிரி வேணும்."

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"அப்போ கஞ்சத்தனம் பண்ணாதே. தேன் மாதிரி இருக்கே கெட்டி சிலிகோன், அதையும் நடுத்தரத்தையும் கலந்து தாராளமா போடு. தண்ணியை மட்டும் அவசரமா ஊத்திடாதே, பிரிஞ்சுடும்." சொல்லிவிட்டு அவரே தலையில் தட்டிக்கொண்டார். "யார்கிட்ட போய் அவசரப்படாதேன்னு சொல்றேன் பாரு."

மதிய இடைவேளை முழுக்கத் தண்ணீரை நூல் போல விட்டு, கலக்கி, மறுபடி விட்டு, ஒரு ஜாடி கிரீம் செய்தாள். வெள்ளைப் பட்டு போல வந்தது. மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவளே பூசிவிட்டாள். விரல் விரலாக, நக ஓரம், மணிக்கட்டு வரைக்கும்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் கைதானா? யாரோ பணக்காரன் கை மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு தினமும் காலையில் செருப்பு மாட்டுமுன் அவர் வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுவார். பேச்சே இல்லாமல் கிடந்த பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் நீட்டிய கைகள் அவை. அவள் நிதானமாகப் பூசுவாள். வெடிப்புகள் ஆறின.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு ஒரு வெள்ளை கார் கெட்டுப்போச்சு. மேல் தகடு முழுக்க."

"எப்படி?"

"பெயின்ட் நிக்க மாட்டேங்குது. அடிச்ச உடனே சின்னச் சின்னதா வட்டம் போட்டு ஒதுங்கிக்குது. நடுவுல ஒரு குழி. மீன் கண்ணு மாதிரி முழிச்சுப் பாக்குது. பூதக்கண்ணாடி என் கையையே பாக்குறார்."

பூதக்கண்ணாடி என்பது அங்கே போர்மன். சட்டைப் பையில் எப்போதும் லென்ஸ் வைத்திருப்பார்; காரைப் பார்க்கும் முன் ஆளையும் அதால் பார்ப்பார் என்று பட்டறையில் சொல்வார்கள்.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. எடை அறைச் சுவர் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடம் முன்பு அதற்கு வெள்ளையடிக்க வந்தவர் மூன்று தரம் அடித்தும் பெயின்ட் திட்டுத் திட்டாக ஒதுங்கிக்கொண்டே இருந்தது. "இந்தச் சுவத்துக்கு ரோஷம் அதிகம். எதைப் போட்டாலும் உதறிடுது" என்று தூரிகையை வாளியில் போட்டுவிட்டுப் போனார். இந்த அறை முழுக்க சிலிகோன், அது இருக்கிற இடத்தில் பெயின்ட் ஒட்டாது என்று கெமிஸ்ட் அம்மா அப்போது சொன்னார். அந்தச் சுவர் இன்னும் பாதி வெள்ளையாகவே நிற்கிறது.

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போன நேரத்தில் அவள் பீரோவைத் திறந்து அந்த ஒன்பது பக்கத்தை எடுத்தாள். நின்றுகொண்டே படித்தாள். மூன்றாவது பிரிவு: சோதனைக் காலத்தில் மூன்று கார்கள் கெட்டால் வேலை போகும். ஏழாவது பிரிவு: சிலிகோன் கலந்த கிரீமோ தலைக்குப் பூசும் எண்ணெயோ போட்டுக்கொண்டு ஸ்ப்ரே அறைக்குள் வருபவர் எச்சரிக்கை இல்லாமல் அன்றே நீக்கப்படுவார். அதன் கீழே அவர் கையெழுத்து. அதன் பக்கத்தில், அவள் விரல் வைத்த இடத்தில், மங்கலாக ஒரு வழுவழுப்புக் கறை.

சொன்னால் ஏழாவது. சொல்லாவிட்டால் மூன்றாவது. அவள் தாளைப் பழையபடி மடித்து வைத்தாள். பீரோவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்க்க மறந்தாள்.

மறுநாள் காலை அவர் கையை நீட்டியபோது, "கிரீம் தீந்துபோச்சுங்க" என்றாள். ஜாடி அவள் பைக்குள்தான் இருந்தது. தொழிற்சாலைக் குப்பையில் போடுவதற்காக.

"அடடா. இன்னும் கொஞ்சம் செஞ்சு கொண்டுவாயேன்."

"கெமிஸ்ட் அம்மா லீவு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் அவர் துணிகளைத் தனியாக ஊறவைத்தாள். தொழிற்சாலையிலேயே குளித்துவிட்டு வந்தாள். கதவுக் குமிழ், டம்ளர், அவர் சீப்பு எல்லாவற்றையும் பாத்திர சோப்பால் கழுவினாள். சிலிகோன் தண்ணீருக்கெல்லாம் அசைந்து கொடுக்கிற சாமான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எடை அறைத் தரையில் ஒரு சொட்டு சிந்தினால் மறுநாளும் அங்கே கால் வழுக்கும். வீடு முழுக்க அப்படி ஒரு வழுக்கலில் நிற்பதுபோலவே அவள் நடமாடினாள்.

மூன்று வாரம் எந்தக் காரும் கெடவில்லை. நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை மாலை, அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அவர் அந்த நாற்காலியில் இருந்தார். சட்டைகூட மாற்றவில்லை. மகள் சமையலறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்களா?"

"ம்."

"டீ போடட்டுமா?"

"ம்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். வைத்த இடத்திலேயே உட்கார்ந்தாள். "அந்தக் குழி உங்க கையால வரல. என் கிரீமால வருது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், ஏழாவது பிரிவு, தீர்ந்துபோச்சு என்ற பொய். அவர் எழுந்து போய்த் தன் வேலைப் பையிலிருந்து ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்து வந்தார். மிட்டாய் இருந்த டப்பா. திறந்தார். உள்ளே கால்வாசி வெள்ளைப் பட்டு.

"தீந்துடுமேன்னு முன்னாடியே கொஞ்சம் எடுத்து லாக்கர்ல வச்சிருந்தேன். நீ தீந்துபோச்சுன்னதும் இதை அரிசி அளவு, அரிசி அளவா..." மேலே சொல்லாமல் மூடிவிட்டார். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குப் பயந்தா?"

"நீங்க அந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்களே, அதுக்கு."

அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அன்று மறுபடி அதில் உட்காரவில்லை.

அன்று கெட்டது இரண்டாவது கார். வெள்ளிக்கிழமை ஒரு கார்க் கதவை அவர் அடித்துக் காட்ட வேண்டும், தான் பக்கத்திலேயே நிற்பேன், அது கெட்டால் மூன்றாவதாகக் கணக்கு என்று போர்மன் சொல்லியிருந்தார். போர்மனிடம் உண்மையைச் சொல்லலாமா என்று இருவரும் யோசித்தார்கள். அவள் ஏழாவது பிரிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அதிலும் அதேதான் இருந்தது. கதவு சுத்தமாக வந்துவிட்டால் பேச்சே இல்லை, சொல்ல வேண்டாம் என்று முடிவானது.

அடுத்த இரண்டு நாளும் அவள் அவரைத் தொடவில்லை. சோற்றுத் தட்டை மகள்தான் கொண்டுபோய் வைத்தாள். அவர் புதுத் துண்டு, புதுச் சீப்பு, புதுக் கையுறை வாங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டார். அதன் வாரில் எவ்வளவு ஊறியிருக்கிறதோ. பாத்திர சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். கழுவக் கழுவ ஆறியிருந்த வெடிப்புகள் மறுபடி வாய் திறந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா, அப்பாவுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லடி. அம்மாவுக்குத்தான்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை எடை அறையில் அவள் வழக்கம்போல இரண்டு சொட்டு வைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது கதவைத் துடைத்துக்கொண்டிருப்பார். இப்போது முதல் பூச்சு. குனிந்து மணிக்கட்டைப் பார்த்தபோது, எந்த டிரம்மிலிருந்து எந்தக் கைக்கு எடுத்தாள் என்பது நினைவில்லை. ஐந்து வருடத்தில் இதுவே முதல் முறை. கொக்கியில் தொங்கும் ஏப்ரனைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் வந்து அறைக் கண்ணாடியைத் தட்டினார். இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று சைகை காட்டினாள்.

தேநீர் இடைவேளையில் உடைமாற்றும் அறையில் அவள் போன் அடித்தது.

"கதவு நல்லா வந்துச்சு" என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

"ஒரே ஒரு குழி. கண்ணாடி ஓரத்துல, டேப் ஒட்டுற இடத்துல. பூதக்கண்ணாடி லென்ஸை வச்சுப் பாத்துட்டு, உன் கை சரிதான், இது டேப் அண்ணன் வேலைன்னுட்டார்."

பெயின்ட் படக் கூடாத இடங்களை டேப் ஒட்டி மறைக்கிறவர் டேப் அண்ணன். பதினான்கு வருடமாக அங்கே இருப்பவர்.

"அவருக்கும் கை வெடிச்சிருந்துச்சு. நான்தான் அந்த டப்பாவுலேர்ந்து கொஞ்சம் குடுத்திருந்தேன்."

"அன்னைக்கு என்கிட்ட சொல்லலையே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றார். "எனக்கும் பயமா இருந்துச்சு. அவர் வாயத் திறந்தா நானும் மாட்டுவேனேன்னு. இன்னைக்குப் பூதக்கண்ணாடி அந்த மனுஷனைத் துணிமணியை எடுத்துட்டுக் கிளம்புன்னார். அவருக்கு எதுக்குன்னே புரியல. பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிக்கிறார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்போ ரெண்டு பேரும் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கோம். பூதக்கண்ணாடி முதலாளிகிட்ட போயிருக்கார்."

அன்று மீதி நாள் முழுக்க அவள் எதையும் மூன்று தரம் எடை போட்டாள். மாலையில் வீட்டுப் படி ஏறும்போது கால் வழுக்குவதுபோல இருந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்ததும் கண் ஜன்னலுக்குத்தான் போனது. நாற்காலி காலியாக இருந்தது. அதுவும் பயமாக இருந்தது. மகளைத் தெரு முனைவரை பார்த்துவரச் சொன்னாள். கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை.

அவர் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தலை ஈரமாக இருந்தது.

"குளிக்க வச்சுட்டாங்க" என்றார். "ரெண்டு பேரையும் பைப்புக்கு அடியில நிக்க வச்சு, யானையைத் தேய்க்கிற மாதிரி."

டேப் அண்ணன் லாக்கரில் மிச்சமிருந்த கிரீமைப் போர்மன் ஒரு பழைய தகட்டில் புள்ளி வைத்து, மேலே பெயின்ட் அடித்துப் பார்த்தாராம். குழி வாய் பிளந்ததாம். பிறகு அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். காரணம் தேடி ஒரு மாதமாகக் காற்றுக் குழாய்களையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டியவர் அவர்.

"வேலை?" என்றாள்.

"இருக்கு. நானா வந்து சொன்னதால ஏழாவது பிரிவை இந்தத் தடவை விட்டுடலாம்னு பூதக்கண்ணாடி முதலாளிகிட்ட பேசினாராம். ஆனா ரெண்டு பேருக்கும் மறுபடி முதல் நாளுலேர்ந்து ஆறு மாசம் சோதனை. இன்னொரு குழி வந்தா யாரு எவருன்னு கேக்க மாட்டாராம், ரெண்டு பேரும் வெளிய." அவர் லேசாகச் சிரித்தார். "டேப் அண்ணன் பதினாலு வருஷத்துக்கு அப்புறம் புது ஆளாயிட்டார். வழியெல்லாம் என்னைத் திட்டிட்டே வந்தார். ஆனா உன் கிரீம் நல்லாத்தான் இருந்துச்சாம்."

அவள் சிரிக்கவில்லை. ஆறு மாதம் என்பதை நாட்களாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் அரை மணி நேரம் முன்னதாகவே போய், அங்கேயே குளித்து, அங்கேயே இருக்கும் உடையைப் போட்டுக்கொள்கிறார். கெமிஸ்ட் அம்மா சிலிகோன் துளியும் இல்லாத மெழுகுக் கிரீம் ஒன்றுக்குக் கணக்கு எழுதித் தந்திருக்கிறார். எடை அறைக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியால் அவள் அதைக் கலக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளியை முதலில் தகட்டில் வைத்துப் போர்மன் பெயின்ட் அடித்துப் பார்ப்பார். அவர் சரி என்ற பிறகுதான் அது கைக்கு.

"ஒட்டுது" என்றார் கணவர், முதல் நாள்.

"ஒட்டட்டும்."

"பழசு மாதிரி இல்ல."

"இருக்கக் கூடாது."

பூசிக்கொள்வது அவரேதான். காலையில் கிளம்பும்போது பழக்கத்தில் கை நீண்டுவிடும் என்று அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவளும் தன் கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு இருவரும் சண்டை போட்டது போலத் தோன்றும். "போயிட்டு வரேன்" என்கிறார். "பாத்துப் போங்க" என்கிறாள்.

நாற்காலியை மகள் படிக்கும் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். ஜன்னலோரம் அந்த நான்கு வட்டத் தழும்புகள் மட்டும் இருக்கின்றன. அவள் கிளம்புமுன் அடுப்பைப் பார்க்கிறாள், பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். அதற்கு முன்னால் குனிந்து அந்த நான்கையும் ஒரு துணியால் துடைக்கிறாள். போகவில்லை. நாளைக்கும் துடைப்பாள்.